செவலை சேற்றில் இறங்கிய நாள்

கே.கே. நகரில் என் பேரன் வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. அதற்கு வாரம் தவறாமல் குளியல், சோப்பு, துவட்டத் தனித் துண்டு. மழை பெய்தால் தரையில் கால் வைக்க யோசித்துக்கொண்டு வாசலிலேயே நிற்கும். பேரன் தூக்கிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, அது காரியத்தை முடித்ததும் மறுபடி தூக்கிக்கொண்டு வருவான். நான் சிரித்தால் அவனுக்குக் கோபம் வருகிறது. என்ன செய்வது, நாகமலை அடிவாரத்தில் நாய்கள் சேற்றில் புரண்டதைப் பார்த்த கண்ணால் இதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. எனக்கு அப்போது என்ன வயது என்று கேட்டால் தெரியாது. எங்கள் வீட்டில் யாரும் குறித்துவைக்கவில்லை. நானோ பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவள். முன்பல் விழுந்திருந்தது என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

வீட்டில் அய்யா, ஆத்தா, நான், அய்யாவின் தம்பியான சித்தப்பா. சித்தப்பாவுக்கு மீசை முளைத்து, அதை முறுக்கப் பழகிக்கொண்டிருந்த வயது. அவருக்கு உலகத்தில் இரண்டே ஆசைகள்தான். ஒன்று அவருடைய வேட்டை நாய். மற்றது அவருடைய தாய்மாமன் மகள். தாய்மாமன் எனக்குத் தாத்தா முறை. எங்கள் கண்மாய்க்கு இந்தக் கரையில் எங்கள் ஊர், அந்தக் கரையில் தாத்தாவின் ஊர். அவர் மகள் எனக்குச் சித்தி முறை ஆகவேண்டும் என்பதால் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சித்தி என்றுதான் கூப்பிடுவேன். சித்தப்பாவுக்கு அதைக் கேட்பதில் ஒரு சந்தோஷம். சில நாள், காரணமே இல்லாமல், “யார நேத்துப் பாத்தேன்னு சொன்ன?” என்று என்னைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பார்.

நாய்க் கதைக்கு வருகிறேன். தாத்தாவிடம் ராஜபாளையத்துப் பக்கமிருந்து வந்த ஒரு பெட்டை இருந்தது. அது போட்ட ஓர் ஈற்றில் தங்கியவை இரண்டு கடுவன் குட்டிகள். இரண்டையும் மடியில் போட்டு, விரலில் கூழைத் தொட்டு ஊட்டி வளர்த்தவள் சித்திதான். ஒன்று செவலை நிறம், ஒன்று பால் வெள்ளை. அது தவிர உயரம், ஒட்டின வயிறு, சாட்டை மாதிரி வால், எல்லாமே அச்சில் வார்த்ததுபோல ஒன்றாக இருக்கும். செவலையைத் தாத்தா வைத்துக்கொண்டு, வெள்ளையைத் தன் மருமகனான சித்தப்பாவுக்குக் கொடுத்தார்.

செவலை தாத்தா வீட்டில் சாக்கு விரித்த இடத்தில் படுத்தது. தினமும் தாத்தா உள்ளங்கையால் அதன் முதுகை நீவிவிடுவார். ஈரத்தில் கால் வைக்க விடமாட்டார். தெருவில் தாத்தா முன்னால் நடக்க, அது பின்னால் மணியக்காரர் மாதிரி நடந்து வரும்.

எங்கள் வெள்ளையன் வேறு ஜாதி. வாய்க்காலில் தண்ணீர் வந்து வயல் உழுதுவிட்டால் போதும், அவனை யாராலும் பிடித்துவைக்க முடியாது. ஓடிப்போய் விழுந்துவிடுவான் என்று நினைக்காதீர்கள். வரப்பில் நின்று முதலில் மூக்கை நீட்டி அந்த வாடையை இழுப்பான். கண் சொருகும். பிறகு ஒரு தோளைச் சாய்த்து, சாமி சிலையைத் தண்ணீரில் இறக்குகிற மாதிரி மெதுவாகத் தன்னைச் சேற்றுக்குள் இறக்குவான். அப்புறம் நாலு காலும் ஆகாயத்தில் இருக்கும். புரண்டு, முனகி, தாடையைத் தேய்த்து, மூக்கால் சேற்றுக்குள் ஊதி, குமிழி வந்தால் அதைக் கடித்து! நான் வரப்பில் குத்தவைத்து வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு உயிருக்கு இம்புட்டுச் சந்தோஷம் இருக்க முடியுமா என்று இருக்கும். வெளியூர்க்காரர் ஒருவர் எங்கள் வாசலில் தண்ணீர் கேட்க வந்தவர், “ஏத்தா, கறுத்த நாய்க்கு எதுக்கு வெள்ளையன்னு பேரு வச்சிருக்கீக?” என்று நிஜமாகவே கேட்டார்.

அந்தச் சமயத்தில் டவுனில், சிம்மக்கல்லில் வெல்லக் கடை வைத்திருந்த ஒரு குடும்பம் தங்கள் பையனுக்குச் சித்தியைக் கேட்டார்கள். நல்ல வசதி. ஆனால் பெண்ணுக்கு முறை மாப்பிள்ளை இருக்கும்போது அவனைக் கேட்காமல் வெளியே கொடுப்பது எங்கள் பக்கம் மரியாதை இல்லை. தாத்தா டவுனிலிருந்து திரும்பும் வழியில் அதைப் பேசத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். வண்ணான் வெளுத்த வேட்டி, தோளில் துண்டு, மீசையில் எண்ணெய். அய்யா கட்டிலைத் தட்டிப்போட்டார். ஆத்தா மோர் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். தாத்தா சொம்பை வாங்கி, “ஏப்பா மருமகனே” என்று தொடங்கினார்.

அப்போதுதான் வெள்ளையன் வயலிலிருந்து வந்தான். குட்டியில் தன்னைத் தூக்கின ஆளை வாடையிலேயே கண்டுகொண்டான். அவன் மேல் தப்பே இல்லை, அத்தனையும் பாசம். ஒரே தாவு. இரண்டு முன்னங்காலும் தாத்தா நெஞ்சில். அதோடு விட்டானா? கீழே இறங்கி, எதிரிலேயே நின்று, மூக்கு நுனியில் தொடங்கி வால் நுனி வரைக்கும் உடம்பை ஒரு உலுக்கு உலுக்கினான்.

வேட்டி, துண்டு, மீசை, மோர் எல்லாம் சேறு. அந்த நேரம் பார்த்து ஆத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். ஓடியும் சிரிப்பு வெளியே கேட்டது. அந்தச் சிரிப்புதான் காரியத்தைக் கெடுத்தது.

“வேட்டை நாயாடா வளக்குற? எருமைய வளத்துக்கிட்டு அதுக்கு நாயின்னு பேரு வேற!”

“இல்ல மாமா, சேத்துல பெரண்டாத்தான் மேலு வாடை போகும். வாடை இல்லைன்னாத்தான் முயலு கிட்டக்க வரும்.”

“எப்படா வந்துச்சு? ஒரு முயலு வந்துச்சா இதுவரைக்கும்?”

வெள்ளையன் அதுவரை பிடித்தது தட்டான் பூச்சி மட்டும்தான்.

தாத்தா எழுந்து வாசலுக்கு வந்தார். அக்கம்பக்கத்தில் நாலு பேர் எட்டிப் பார்த்தது அவருக்கு இன்னும் ஏற்றிவிட்டது. “எல்லாரும் கேட்டுக்கங்க. மாசி வேட்டையில மொத முயல இந்த எருமை கவ்வட்டும், எம் மகளத் தாரேன். இல்லையா, சிம்மக்கல்லுக்காரனுக்கு வெத்தலபாக்கு மாத்திருவேன். இது எங் கொலசாமி மேல சத்தியம்!” என்று சொல்லிவிட்டு, மோர் சொட்டச் சொட்டப் போய்விட்டார்.

கோபத்தில் சொன்னதை மறுநாள் இல்லை என்று சொல்லிவிடலாம். குலசாமி பெயரில் தெருவே கேட்கச் சொன்னதை அவரே நினைத்தாலும் திரும்ப எடுக்க முடியாது.

சித்தப்பா தான் தின்கிற சோற்றைக் குறைத்துவிட்டார். விடியும் முன்னே வெள்ளையனைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போவார். வெயில் ஏறியதும் இரண்டு பேரும் திரும்புவார்கள், ஒருவர் தலை குனிந்து, ஒருவர் சேறு பூசி. ஒருநாள் ஆத்தா முருங்கைக்காய் கொடுத்து என்னை அந்தக் கரைக்கு அனுப்பினாள். சித்தி என்னைத் தனியாக மாட்டுக்கொட்டத்துக்கு இழுத்துப் போனாள்.

“ஒங்க வீட்டு நாயி எப்படிடி இருக்கு?”

“நல்லாருக்கு சித்தி. நேத்துக்கூட எருமைங்களோட கண்மாய்ல படுத்துக் கெடந்துச்சு.”

சித்தி கண்ணை மூடித் திறந்தாள். “எளைச்சுப் போச்சோ?”

“நாயி எளைக்கல. சித்தப்பாதான் எளைச்சுட்டாரு.”

“நான் நாயத்தாண்டி கேட்டேன்” என்றாள். ஆனால் ஒரு பெரிய வெல்லக்கட்டியை எடுத்து என் கையில் திணித்தாள். நாய் இளைக்கவில்லை என்று சொன்னதற்கு வெல்லமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. முன்பல் இல்லாமல் அதை ஓரப் பல்லால் கடித்துக்கொண்டே வீடு வந்தேன்.

மாசி வேட்டை இரண்டு ஊருக்கும் பொது. ஆண்கள் கம்பும் வலையும் நாய்களுமாக மலையடிவாரத்துக்குப் போவார்கள். பெண்கள் கஞ்சிக் கலயத்தோடு கண்மாய்க்கரையில் காத்திருப்போம். முதலில் விழுகிற முயல் சாமிக்கு. அதைக் கவ்விய நாயின் நெற்றியில் பூசாரி மஞ்சள் பூசுவார்; முயலின் தலை நாய்க்காரன் வீட்டுக்குப் போகும். ஒரு கட்டுப்பாடு உண்டு. மஞ்சள் பூசி சாமி கும்பிட்டு முடியும் வரை அந்த நாய் மேல் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. வேட்டையிலிருந்து எந்தக் கோலத்தில் வந்ததோ அந்தக் கோலத்திலேயே சாமி முன்னால் நிற்கவேண்டும். கழுவினால் வேட்டையும் கழுவிப்போய்விடும் என்பார்கள். அதை யாரும் மீறினதில்லை.

அன்றைக்கு வெயில் ஏறிவிட்டது. கண்மாய் பாதி வற்றி, நடுவில் தண்ணீர், சுற்றிலும் களி. களியின் மேல்பாகம் காய்ந்து அப்பளம் மாதிரி ஏடு கட்டியிருந்தது. திடீரென்று மலைப்பக்கம், முயலைக் கலைக்க அடிக்கிற தப்பு மேளச் சத்தம் நெருங்கியது. கருவேலமுள்ளுக்குள்ளிருந்து ஒரு முயல் வெடித்து வந்தது. அதன் பின்னால் இரண்டு ஊர் நாய்களும்.

முயல் நேரே கண்மாய்க்குள் இறங்கியது. அதன் கனத்தை அந்த ஏடு தாங்கியது. தரையில் ஓடுவது மாதிரியே ஓடியது. பின்னால் வந்த நாய்கள் கால் வைத்ததும் ஏடு உடைந்து களிக்குள் புதைந்தன. ஐயோ, அதைச் சொல்ல எனக்கு வாய் ஒன்று போதாது. கறுப்புக் களி ஆளுயரத்துக்குத் தெறிக்கிறது. நாய் என்று எதுவுமே தெரியவில்லை. சேறுதான் எழுந்து ஓடுகிறது, சேறுதான் குரைக்கிறது. விழுந்து, நீந்தி, எழுந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறி! வேட்டையை மறந்து பாதி நாய்கள் அங்கேயே புரளத் தொடங்கிவிட்டன. நான் கலயத்தை வைத்துவிட்டுக் கைதட்டிக் குதித்தேன்.

எல்லா நாயும் இறங்கிவிட்டது, செவலை மட்டும் இறங்கவில்லை. கரை ஓரத்தில் நின்றது. பிறந்ததிலிருந்து ஈரத்தில் கால் வைக்காத நாய் அல்லவா. ஒரு காலைத் தூக்கி வைத்தது, எடுத்தது, உதறியது. தாத்தா பின்னாலிருந்து, “ஏலே, எறங்காத! எறங்காத!” என்று கத்தினார். செவலை அவரை ஒருதரம் திரும்பிப் பார்த்தது. பிறகு மூக்கை நீட்டி அந்த வாடையை ஒரு இழுப்பு இழுத்தது. அவ்வளவுதான். அம்பு மாதிரிப் பாய்ந்தது. விழுந்த இடத்தில் ஒரு கறுப்புப் பூ விரிந்த மாதிரி சேறு விரிந்து மூடிக்கொண்டது. அதற்கப்புறம் எது செவலை, எது வெள்ளையன், எது யாருடையது, அந்தச் சாமிக்குத்தான் வெளிச்சம்.

நடுக் கண்மாயில் ஒரு குழப்பம். பிறகு அதற்குள்ளிருந்து ஒரு நாய் தலையைத் தூக்கிக்கொண்டு வந்தது. வாயில் முயல். உச்சியிலிருந்து நகம் வரை களி. இரண்டு கண் மட்டும் மின்னுகிறது. உயரத்தையும் ஒட்டின வயிற்றையும் வாலையும் பார்த்தால் அண்ணன் தம்பி இரண்டில் ஒன்று என்று எல்லாருக்கும் தெரிந்தது. எந்த ஒன்று?

“செவலை!” என்று தாத்தா கூப்பிட்டார்.

“வெள்ளையா! வாடா வெள்ளையா!” சித்தப்பாவுக்குக் குரலே உடைந்துவிட்டது.

அது இரண்டு பேரையும் பார்க்கவில்லை. ஆண்களைக் கடந்து, கரை மேல் ஏறி, பெண்கள் கூட்டத்துக்குள் வந்து, சித்தி காலடியில் முயலைப் போட்டுவிட்டு உட்கார்ந்தது.

“அட, செவலைதாம்ப்பா! வளத்த வீட்டுப் பிள்ளையத் தேடி வந்துருச்சு பாரு” என்றார் ஒருவர். சித்தப்பா கம்பை ஊன்றிக்கொண்டு தரையைப் பார்த்தார். தாத்தா கையை மீசைக்குக் கொண்டுபோனார். ஆனால் முறுக்கவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.

பூசாரி மஞ்சள் கிண்ணத்தோடு அவசரப்படுத்தினார். “யாரு நாயின்னு சொல்லுங்கப்பா. வெயில்ல நிக்கிறேன்ல?”

சித்தி குத்தவைத்து உட்கார்ந்தாள். நாயின் தாடையைத் தூக்கி அதன் கண்ணுக்குள் பார்த்தாள். காதை இரண்டு விரலால் தடவினாள். அது அவள் கையை நக்கியது. இரண்டு ஊரும் அவள் வாயைப் பார்த்து நின்றது.

“இது நம்ம நாயி இல்லப்பா. அவுக நாயி.”

“எவுக நாயி?” என்றார் பூசாரி.

சித்தி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். “அவுக நாயிதான்.” கட்டிக்கொள்ளப் போகிறவர் பெயரைச் சொல்லக் கூடாதல்லவா.

பக்கத்தில் நின்ற ஒரு வாயாடி விடவில்லை. “ஏன்டி, ஒங்க நாயி இல்லைன்னா ஒங்கிட்ட எதுக்குக் கொண்டாந்து போட்டுச்சு?”

“சின்னதுல இதுக்கும் நாந்தானக்கா கூழு ஊட்டுனேன், மறந்துருமா?” என்ற சித்தி, கையை நீட்டிக் கண்மாய்க்குள் காட்டினாள். அங்கே நாலு காலும் ஆகாயத்தைப் பார்க்க ஒரு நாய் புரண்டுகொண்டிருந்தது. “நம்ம செவலை அந்தா கெடக்கான் பாருங்க. எருமையாட்டம்.”

எல்லாரும் தாத்தாவைப் பார்த்தார்கள். தாத்தா கரை ஏறி வந்தார். நாயைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மருமகனைப் பார்த்தார். அவர் என்ன சொல்லப் போகிறாரோ என்று ஆத்தா என் தோளை அமுக்கிய அமுக்கில் வலி உயிர் போயிற்று.

“சேறு பூசிட்டா எல்லா நாயும் ஒண்ணாத்தான தெரியுது” என்றார் தாத்தா. “வளத்தவ சொல்லிட்டா. மஞ்சளப் பூசுங்கப்பா.”

சித்தப்பா அழுதாரா சிரித்தாரா என்று தெரியவில்லை. அய்யா அவரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். தப்பு மறுபடி முழங்கியது.

சாமி கும்பிட்டு முடிந்ததும் தாத்தா, “ரெண்டையும் நானே கழுவிக் கொண்டாரேன், ஒருத்தரும் வர வேணாம்” என்று இரண்டு நாய்களையும் வாய்க்காலுக்குக் கூட்டிப்போனார். ஒருத்தரும் போகவில்லை. நான் போனேன். சேற்று நாய்களை விட்டு என்னால் பிரிய முடியவில்லை.

தாத்தா வேட்டியை மடித்துக் கட்டக்கூட இல்லை, அப்படியே தண்ணீரில் இறங்கி நின்றார். மஞ்சள் பூசின நாயை முதலில் வைக்கோலால் தேய்த்தார். களி கரைந்து ஓடியது. முதுகு தெரிந்தது. செக்கச் செவேல் என்று இருந்தது.

“தாத்தா! மஞ்சப் பூசின நாயி செவலை தாத்தா!”

அவர் திரும்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. கட்டை விரலால் செவலையின் நெற்றி மஞ்சளை வழித்தார். மற்றதை இழுத்து, அதையும் பால் வெள்ளையாகத் தேய்த்தெடுத்தார். பிறகு விரலில் இருந்த மஞ்சளை வெள்ளையன் நெற்றியில் அழுத்தி வைத்தார். செவலையின் முதுகை ஒருதரம் உள்ளங்கையால் நீவிவிட்டார்.

“எம் மக சொன்னதக் கேட்டேல்ல? வளத்தவளுக்கே தெரியலைன்னா எனக்கு எங்குட்டுத்தா தெரியப் போகுது?”

அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. இவ்வளவு பெரிய மீசை வைத்த மனிதருக்குக் கண் இப்படியா போகவேண்டும்! வீட்டுக்கு ஓடி, வேட்டையில் பங்காக வந்த கறியை வேகவைத்துக்கொண்டிருந்த ஆத்தாவிடம், “ஆத்தா, அந்த நாயி...” என்று தொடங்கினேன். அவள் ஈரல் துண்டு ஒன்றை எடுத்து ஊதி என் வாயில் வைத்தாள்.

“கறியத் தின்னு. வாயத் தொறக்காத.”

“வாயத் தொறக்காம எப்படித்தா திங்கிறது?”

“தின்னுட்டு மூடிக்க.”

அவளுக்கும் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த வீட்டில் அப்பனுக்கும் மகளுக்கும் கண் தெரியாது, கல்யாணம் முடியும் வரை வெளியே சொல்லக் கூடாது என்று மறைக்கிறார்கள் போல. நானும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அந்த வைகாசியிலேயே கல்யாணம். தாத்தா பந்தலில் உட்கார்ந்திருந்தபோது நான் பக்கத்திலேயே நின்று, “தாத்தா, இது சொம்பு. இதுல தண்ணி இருக்கு” என்று எடுத்துக் கையில் கொடுத்தேன். “அப்படியாத்தா? நல்லவேள சொன்ன” என்று வாங்கிக் குடித்தார்.

சித்தி எங்கள் வீட்டுக்குள் வந்ததும் மற்ற பெண்களை விலக்கிவிட்டு நான் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “சித்தி, பாத்து வா. இங்கன ஒரு படி. அந்தா இருக்கே, அது கெணறு. அங்கிட்டுத் தனியாப் போயிராத, நான் கூட வாரேன்.” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சித்தி சிரிக்கவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நான் சொன்ன இடத்திலெல்லாம் காலைத் தூக்கித் தூக்கி வைத்து, மெதுவாக என்னோடு நடந்து வந்தாள்.